கிழக்கே போகும் மலை

பெருமுக்கலில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது மலை மேல் ஏறிப் பார்க்கும் பொருள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், வயலுக்கும் ஏரிக்கும் நடுவே தனியாக எழுந்து நிற்கும் பாறைக் குன்றுதான் எங்கள் மலை. மேலே முக்தியாலீசுவரர் கோயில். சீதை குகை என்று நாங்கள் சொல்லும் ஓர் இடமும் உண்டு. அதன் பாறையில் எழுத்திலும் சேராத, படத்திலும் சேராத கீறல்கள். வரலாற்றுக்கு முந்தியவை என்று சொல்லித் தொல்லியல்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். பையன்கள் ஏறியது கீறலைப் பார்க்க அல்ல, கிழக்கே அடிவானத்தில் மினுங்கும் ஒரு கோட்டைப் பார்க்க. அது கடல் என்று ஒரு கட்சி. அது கழுவெளி என்ற உப்பங்கழி, கடல் அதற்கும் அப்பால் என்று எதிர்க்கட்சி. இறங்கி வந்த பிறகும் சண்டை ஓயாது. பெரியவர்களிடம் தீர்ப்புக் கேட்டால், "எதா இருந்தா இன்னாடா, ரெண்டும் உப்புத் தண்ணிதான்" என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

நல்ல தண்ணீர் கிணற்றில் இருந்தது. எங்கள் நீச்சல், முக்குளிப்பு, சாகசம் எல்லாம் அங்கேதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் ஆயாவின் பழைய சேலை, சேலையின் மறுமுனை மேலே சித்தப்பா கையில். நாலு நாள் பத்திரமாகப் பிடித்திருப்பார். பிறகு ஒரு நாள் பீடி பற்றவைக்கிற சாக்கில் விட்டுவிடுவார். அதற்குப் பெயர் பயிற்சி. நீந்தத் தெரிந்ததும் அடுத்த வகுப்பு சொருகு: துணி துவைக்கும் கல்லிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, தரையைத் தொட்டதற்குச் சாட்சியாக ஒரு பிடி சேறு எடுத்துவர வேண்டும். சேறு இல்லாமல் வருகிறவன் பொய்யன். காது வலிக்கும், வலிக்கிறது என்று சொன்னால் மானம் போகும். யார் வீட்டுக் குடமாவது உள்ளே விழுந்து, பாதாளக் கரண்டிக்கும் அகப்படவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். கூலி ஒரு கட்டி வெல்லம். உயிருக்கு உத்தரவாதம் கேட்டு யாரும் கையெழுத்து வாங்கியதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை 1998இல் திறந்தது. துண்டு துண்டாகக் கிடந்த மீனவக் கிராமச் சாலைகளை ஒட்டுப்போட்டு, சென்னையையும் புதுச்சேரியையும் கடலோரமாகவே சேர்த்துவைத்த சாலை. சாலை வந்ததும் சவுக்குத் தோப்புகளுக்கு மதிப்பு வந்தது. தோப்பு இருந்த இடத்தில் மதில் வந்தது. மதிலுக்குள் வந்தவற்றில் ஒன்றுதான் நான் சொல்லப்போகும் விடுதி. கோட்டக்குப்பத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பது போதும். பெயர் வேண்டாம், இந்தக் கரையில் அந்த வயதுடைய விடுதி எதற்கும் இதே கதைதான்.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, உறவுக்காரர் ஒருவரின் கல் லாரியில் லோடு கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் மலையைச் சுற்றிக் குவாரிகள் கிளம்பிய காலம் அது. விடுதித் தோட்டத்துக்கு அலங்காரப் பாறை, மதிலுக்குக் கடைக்கால் கல் என்று பின்வாசலில் இறக்கினோம். பின்வாசல் கதவிடுக்கில் ஒரு நீச்சல் குளம் தெரிந்தது. அவ்வளவு நீலமான தண்ணீரை அதற்கு முன் நான் சோப்பு விளம்பரத்தில்தான் பார்த்திருந்தேன்.

"எதிர்லயே கடல் கெடக்குது, இன்னாத்துக்குக் குளம் வெட்டுறான்?" என்றார் டிரைவர் அண்ணன்.

"கடல்ல உப்புத் தண்ணியாச்சேண்ணே."

"அப்ப திண்டிவனத்துலயே கட்டலாமே, எடம் சல்லிசா கெடைக்குமே."

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கல்லை இறக்கியதும் கடலில் ஒரு முங்கு போட்டுவிட்டுப் போகலாம் என்று விடுதி வழியாக நடக்கப் பார்த்தோம். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். அடுத்திருந்த குப்பத்து வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தக் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்தோம். அங்கே தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, இப்படிப்பட்ட இடங்களில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று சொல்லியிருந்தது. அதனால் விடுதிக்கும் கடலுக்கும் நடுவே மணல் பரந்து கிடந்தது. மணல் ஊர்ப் பொது. சாய்வு நாற்காலியில் எண்ணெய் பூசிப் படுத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், அரைக்கால் சட்டையோடு, கல் தூசி கரையக் கரையக் குளித்தோம். அவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். எந்த நாட்டு ஆல்பத்தில் இருக்கிறோமோ, தெரியாது.

ஆக, அன்றைக்கு என்னால் கடற்கரைக்குப் போக முடிந்தது, விடுதிக்குள் போக முடியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, அந்த விடுதியிலேயே பணம் கட்டி அறை எடுத்துத் தங்கினோம். இப்போது விடுதிக்குள் போக முடிந்தது. கடற்கரைக்குத்தான் போக முடியவில்லை. கடற்கரை இல்லை.

ஏற்பாடு செய்தவள் மகள். பெங்களூரில் கணினி வேலை. அந்தமானில் முக்குளிக்கக் கற்றுச் சான்றிதழும் வாங்கியிருக்கிறாள். அப்பாவையும் ஒரு முறை கடலுக்கு அடியில் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலை டீ, படகு, முக்குளிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. "கையில பணமே எடுக்க வேணாம்ப்பா" என்றாள். என் மனைவிக்கு இது விளங்கவேயில்லை. "சொந்த ஊரு கூப்பிடு தூரத்துல இருக்குது. அங்க வீட்டப் பூட்டிப் போட்டுட்டு, இங்க வந்து காசு குடுத்துப் படுக்கணுமா?" அவள் கேள்வியும் டிரைவர் அண்ணன் கேள்வியும் ஒரே ரகம். விடை கிடைக்காது.

வரவேற்பில் ஒரு பெண் எங்கள் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டி, முனையை ஒட்டிவிட்டாள். புறப்படும்வரை கழற்றக் கூடாதாம். எங்கள் ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டுவது போலத்தான். காப்புக் கட்டியவன் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இங்கே பட்டை கட்டியவன் தாண்ட மாட்டான், ஏனென்றால் எல்லைக்கு வெளியே குடிக்கும் டீக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். உள்ளே டீ சுமார்தான். ஆனால் முன்பே பணம் கொடுத்தாயிற்று. மனிதனை மதில் போட்டு நிறுத்துவதைவிட இப்படி நிறுத்துவது எளிது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து, ஐரோப்பா பஞ்சத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த 1950இல், ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கடலோரமாகக் கூடாரங்களைப் போட்டார். ராணுவம் கழித்துக்கட்டிய கூடாரங்கள். படுக்கை, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணம். அதுதான் கிளப் மெட். பின்னாளில் அங்கே காசுக்குப் பதிலாகப் பாசிமணி புழங்கியது. கழுத்திலிருந்து மணியைக் கழற்றிக் கொடுத்து மது வாங்கிக்கொண்டார்கள். பணத்தை மறக்கவைப்பதுதான் வித்தை. மணி போய்ப் பட்டை வந்தது. கூடாரம் போய்க் கான்கிரீட் வந்தது. கூடாரத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது, கிழிந்தால் சுருட்டிவிடலாம்.

எங்கள் அறையை "கடல் பார்த்த அறை" என்று எழுதியிருந்தார்கள். பால்கனியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து இடதுபக்கமாகச் சாய்ந்தால் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே ஒரு விரற்கடை கடல் தெரிந்தது. கைப்பிடியை அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்று அறைப் பையன் எச்சரித்தான். அசாம்காரப் பையன், தொலைக்காட்சித் தமிழில் பேசினான். கைப்பிடிக்கு இருபத்தைந்து ஆண்டுப் பெயின்ட் தோல் தோலாக இருந்தது. உள்ளே இரும்பு இருந்ததா, பெயின்ட்டே நின்றுகொண்டிருந்ததா என்று சொல்வது கடினம். கூரையில் ஒரு பெரிய வெடிப்பு, சுண்ணாம்பு உரிந்த இடத்தில் கம்பி தெரிந்தது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் மெல்லப் புகுந்து கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பழைய இடத்தில் அடங்காது. பருத்துக்கொண்டே போய்க் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். இந்தக் கரையில் கட்டடம் வெளியிலிருந்து இடிவதில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் பனீர் மூன்று நிறங்களில் இருந்தது. கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ், வட இந்தியப் பருப்பு, தென்னிந்திய சாம்பார், எந்த இந்தியாவிலும் சேராத ஒரு சூப். மீன் எங்கே என்று கேட்டேன். "கடல் உணவு தனிக் கட்டணம் சார்" என்றார் பரிமாறுகிறவர். மதிலுக்கு அந்தப் பக்கம் குப்பத்துப் பெண்கள் கூடையில் சங்கரா விற்றுக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் பாலாடைக்கட்டி இலவசம்.

எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. கல்லூரியில் தமிழாசிரியர் எங்கள் வட்டாரத்துக்காரர் என்பதால் அதை விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் புறப்படும் பாணனுக்கு வழி சொல்லும் நூல். பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டுக்காரர். கிடங்கில் என்று அதில் வரும் ஊர் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கிறது. வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அந்தப் பட்டினத்தில் பசியோடு வரும் பாணர் கூட்டத்துக்குப் பரதவர் வீடுகளில் பழைய கள்ளும் சுட்ட குழல் மீனும் வீட்டுக்கு வீடு கிடைக்கும் என்கிறார் புலவர். பட்டை கட்டியதாகப் பாட்டில் இல்லை. தனிக் கட்டணமும் இல்லை. இந்தக் கரையின் முதல் விருந்தோம்பல் விளம்பரம் அதுதான்; அதில் சொன்ன இரண்டு ஐட்டமும் இன்றைய பட்டியலில் கூடுதல் தொகைக்குப் போய்விட்டன.

மேசை மேல் இளஞ்சிவப்பு உப்பு, ஆட்டிப் பொடித்துக்கொள்ளும் மரக்குப்பியில். இமயமலை உப்பாம். அந்தப் பெயரில் உலகமெல்லாம் விற்பதில் பெரும்பகுதி பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்து உப்பு. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பேசப்படும் மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருக்க, மேசை உப்பு எங்கோ மலைக்கு அடியிலிருந்து வந்திருந்தது. மனைவி கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். அதில் வீட்டு உப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறாள்.

வரவேற்பறையில் விடுதி திறந்த காலத்துப் புகைப்படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அகன்ற மணல், வரிசையாய்ச் சவுக்கு, தொலைவில் கட்டுமரம். நிர்வாகம் அதை இன்னும் கழற்றாமல் வைத்திருந்தது தைரியமா, மறதியா என்று தெரியவில்லை. படத்துக்கு எதிர்ச் சன்னலைத் திறந்தால் நிஜம் தெரியும்: கருங்கல் குவியல், அதில் அறையும் அலை, "கீழே இறங்காதீர்கள்" என்ற பலகை.

மணல் போன கதை ரகசியம் ஒன்றுமில்லை. இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் திரும்பி நடக்கும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். நடந்து வந்த மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. வடக்கே இருந்த மணல் மட்டும் வழக்கப்படி நடந்துபோனது. அதன் இடத்துக்கு வர ஆள் இல்லை. முதலில் புதுச்சேரி நகரத்துக் கடற்கரை போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு கோட்டக்குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கே கொட்டினார்கள். தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாக வடக்கே ஏறியது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நகரத்துக்கு எதிரே தண்ணீருக்கடியில் ஓர் இரும்பு அமைப்பை இறக்கிய பிறகு நகரத்துக்குக் கொஞ்சம் மணல் திரும்பியது. குப்பங்களுக்குக் கல்தான். 200 மீட்டர் சட்டத்தைக் கட்டடக்காரர்கள் மதித்தார்களோ இல்லையோ, கடல் அதைப் படிக்கவில்லை. விடுதி நின்ற இடத்திலேயே நிற்கிறது. கோடுதான் கிட்டே வந்துவிட்டது.

கொட்டிய கல்லைச் சன்னலில் நின்று பார்த்தேன். கல் லாரியில் இரண்டு வருஷம் கணக்கு எழுதியவனுக்குக் கல்லைப் பார்த்தால் ஊர் தெரியும். எங்கள் பக்கத்துக் கல். நான் வேலையை விட்ட பிறகும் லாரிகள் எங்கள் தெரு வழியாகக் கிழக்கே போவது நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் மலைமேல் கோட்டை இருந்தது. புதுச்சேரிக்குக் காவலாக அந்த மலையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் அவர்களைத் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி ஐர் கூட், புதுச்சேரியை நெருங்கும் வழியில் பெருமுக்கலையும் பறித்தார். மலை போன அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அன்றைக்கு மலை இருந்த இடத்தில் இருந்தே புதுச்சேரியைக் காத்தது. இன்றைக்கு லாரியில் ஏறிப்போய் அந்தக் கரையைக் காக்கிறது. சம்பளம் மட்டும் இரண்டு காலத்திலும் ஊருக்கு வரவில்லை.

முக்குளிக்கப் போக வேண்டிய நாளில் கடல் கலங்கலாக இருந்தது. "விசிபிலிட்டி இல்ல" என்று தகவல் வந்தது. வங்கக் கடலின் இந்தப் பக்கத்தில் அது சகஜம். ஒரு நாள் பதினைந்து மீட்டர் தூரம் தெரியும், மறுநாள் நீட்டிய கை தெரியாது. பட்டை கட்டிய கையோடு நீச்சல் குளத்தருகே உட்கார்ந்திருக்க மனம் வராமல், மகளை அழைத்துக்கொண்டு மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். அங்கே என் சின்னாயா மகன், எனக்குச் சித்தப்பா முறை, இன்னும் பாத்தி மிதிக்கிறார்.

மரக்காணத்தில் உப்பளம் 3,000 ஏக்கருக்கு மேல். பக்கத்திலேயே ஆந்திரத்துக் காக்கிநாடாப் பக்கமிருந்து சுமார் 800 கிலோமீட்டர் வந்த பக்கிங்காம் கால்வாய் முடிகிறது. அதையடுத்து 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, அடர்த்திக் கருவியில் 25 டிகிரி காட்டும்போது உப்புப் பூக்கும். பிறகு வாரி அம்பாரம் குவிக்க வேண்டும். ஜனவரியில் தொடங்கி ஐப்பசி மழைவரை வேலை. மழை வந்தால் எல்லாம் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது எங்கள் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. பாத்தி எது, வரப்பு எது, கழுவெளி எது என்று அடையாளமில்லாமல் போனது.

"அப்புறம் என்ன பண்ணீங்க தாத்தா?" என்றாள் மகள்.

"இன்னா பண்றது கண்ணு? தண்ணி வடிஞ்சது. வரப்புப் போட்டு மிதிச்சோம். வருசா வருசம் மிதிக்கிறதுதான."

2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், ஃபெஞ்சல் எல்லாம் விடுதியையும் அடித்தன, உப்பளத்தையும் அடித்தன. விடுதியில் ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பை விட்டுப்போனது. பாத்தியில் எதுவும் மிஞ்சவில்லை. ஏனென்றால் பாத்தியை ஒவ்வொரு தை மாதமும் புதிதாகத்தான் செய்கிறார்கள். சோழர் காலத்து உப்பளம் என்பார்கள். எந்தப் பாத்திக்கும் ஒரு வயது முடிந்ததில்லை. முடிந்துவிட்டது, திறப்புவிழா நடத்திவிடலாம் என்று எதையெல்லாம் இந்தக் கரையில் சொன்னோமோ அதுதான் கிழடாகியிருக்கிறது. வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை அப்படித்தான். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் பரிசாகக் கிடைத்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குப் போய், இப்போது செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கடலோரம் சரிந்து கிடக்கிறது. ஆனால் பாத்தியின் இளமைக்கு விலை யார் கொடுக்கிறார்கள் என்பது சித்தப்பாவின் உள்ளங்காலில் எழுதியிருந்தது. வெடித்து, வெளுத்து, உணர்ச்சி போன பாதம். விடுதிக்குக் கூரையில் வெடிப்பு. உப்பளத்துக்கு அவர் காலில் வெடிப்பு. உப்பு எங்காவது வரவு வைத்துவிடுகிறது.

கடல் தெளிந்ததும் புதுச்சேரியிலிருந்து படகில் போனோம். பயிற்சி தருகிறவர் புதுச்சேரிக் குப்பத்து இளைஞர். அப்பா வலை போடுகிறவர், மகன் கண்ணாடி மாட்டி இறங்குகிறவர். என்னை "அங்கிள்" என்றார். நாலு பக்கம் கையெழுத்து வாங்கினார்: இதயம், நுரையீரல், காது, எது போனாலும் நானே பொறுப்பு. கிணற்றில் வெல்லக்கட்டிக்குச் செய்த வேலை நினைவுக்கு வந்தது. இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டினார். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், மூச்சு முட்டியதும் மேலே வந்தார்கள், வயிற்றுக்காக. நாங்கள் ஈயத்தைக் கட்டிக்கொண்டு, முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு இறங்கினோம், பொழுதுக்காக. உப்புத் தண்ணீர் மனிதனை ஏந்திப் பிடிக்கும். அதை மீறி அமுங்கத்தான் ஈயம். கடல் வேண்டாம் என்று தள்ளுகிற இடத்துக்குக் காசு கொடுத்துப் போவது முன்னேற்றத்தில் சேரும்.

"காது வலிச்சா மூக்கப் புடிச்சி ஊதுங்க அங்கிள். வலிக்குதுன்னு சொல்றதுக்கு வெக்கப்படாதீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் கிணற்றடியில் யாராவது சொல்லியிருந்தால் என் தலைமுறைக்கு இடது காது நன்றாகக் கேட்டிருக்கும்.

முதல் முறை இறங்குகிறவனுக்கு 12 மீட்டர்தான் எல்லை. பத்து மீட்டர் இறங்கினால் மேலே இன்னொரு வளிமண்டலத்தின் கனம். ஐந்து மீட்டர் தாண்டியதும் சிவப்பு மங்கத் தொடங்கியது. தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. கீழே போய்க் கையைப் பார்த்தேன். மூன்று வேளைச் சோற்றுக்கு உரிமை தரும் பட்டை அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அங்கே அதற்கு மதிப்பில்லை.

முதலில் பச்சை மங்கல். பிறகு மங்கலுக்குள் வட்டங்கள். இன்னும் நெருங்கியபோது என்னால் நம்ப முடியவில்லை. கிணற்று உறைகள். எங்கள் ஊர்க் கிணற்றில் இறக்கும் அந்தச் சிமெண்டு உறைகள்தான். ஒன்றன்மேல் ஒன்றாகவும் சாய்ந்தும் கிடந்தன. தமிழ்நாட்டுக் கடலோரம் பல இடங்களில் மீன் தங்க வேண்டும் என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் மீன்வளத் துறையும் இப்படிக் கான்கிரீட் உருப்படிகளை இறக்குகிறார்கள்: முக்கோணம், பெட்டி, கிணற்று உறை. மணல் தரையில் மீனுக்கு ஒதுங்க இடமில்லை. கெட்டியாக ஒன்று கிடைத்தால் முதலில் பாசி, சிப்பி, கொட்டலசு ஒட்டும். அதைத் தின்னச் சின்ன மீன் வரும். அதைத் தின்னப் பெரிய மீன் வரும். புதுச்சேரிக்கு எதிரே 18 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்போரே போட்ட திட்டு ஒன்றும் இருக்கிறது. கழித்த கான்கிரீட், இரும்பு, பாறை, பனைமரம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் இறக்கியிருக்கிறார்கள்.

ஓர் உறைக்குள் எட்டிப் பார்த்தேன். களவாய் ஒன்று வாயை ஆட்டிக்கொண்டு இருந்தது; இடம் காலி இல்லை என்ற பாவனை. பாரைக் கூட்டம் தலைக்கு மேலே திரும்பியது. ஒரு பேத்தை, உறையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு வந்தபின் திறந்த கிணறுகளில் தண்ணீர் இறங்கிப் போனது. நான் சொருகு அடித்த கிணறு தூர்ந்து, குப்பை கொட்டி, இப்போது அதன்மேல் ஒரு செல்போன் கடை. கிணற்றில் நீந்தக் கற்றவன் ஐம்பது வயதுக்கு மேல் கிணற்றைப் பார்க்கக் கடலுக்கடியில் போக வேண்டியிருக்கிறது. மலை கரைக்குப் போயிற்று. கிணறு அதையும் தாண்டிப் போயிற்று. எங்கள் பக்கத்தில் எதுவும் அழிவதில்லை, கிழக்கே நகர்ந்துவிடுகிறது. பழக்கத்தில் குனிந்து ஒரு பிடி சேறு எடுக்கப் போனேன். பயிற்சியாளர் விரலை ஆட்டித் தடுத்தார். எதையும் தொடக் கூடாதாம்.

மாலையில் அவரே ஜீப்பில் எங்களை விடுதி வாசலில் இறக்கிவிட்டார். இறங்கியவர் அண்ணாந்து பால்கனிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்வையில் ஓர் ஆசை இருந்தது.

"நல்ல பில்டிங் அங்கிள். எப்ப இடிப்பாங்கன்னு கேட்டீங்களா?"

"ஏன் தம்பி?"

"இந்த மாதிரி ரூம் ரூமா, ஓட்ட ஓட்டயா கான்கிரீட்டு கெடைக்கிறது கஷ்டம். பெயின்ட்டு, கம்பி, பிளாஸ்டிக் எல்லாத்தையும் எடுத்துட்டு, பர்மிஷன் வாங்கிக் கீழ எறக்கிட்டா, ஒரே வருசத்துல ஃபுல் ஆயிடும்."

உள்ளே வரவேற்பறையில் பாதி அறை காலி என்று மேலாளர் யாரிடமோ தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருந்தார். என் மகள் பயிற்சியாளரிடம் எத்தனை மீட்டரில் இறக்குவீர்கள் என்று அக்கறையாகக் கேட்டாள். பதினெட்டு என்றார். அப்படியானால் அடுத்த முறை நான் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். பரவாயில்லை. எங்கள் அறையில் அன்றைக்கு ஒரு களவாய்க் குடும்பம் இருக்கும். "கடல் பார்த்த அறை" என்று எழுதியிருப்பதில் அப்போதுதான் முதல் முறையாகப் பொய் இருக்காது. மீனும் தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும், மூன்று வேளையும்.